ஒற்றைக் கோடு

அந்த ஆய்வகத்தில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றுக்கு மாமியார் என்று பெயர். இன்னொன்றுக்கு அம்மா.

இரண்டும் எஃகு. சாண் நீளம், சுண்டுவிரல் தடிமன். உள்ளே மாவைவிட நைசான வெள்ளைத் தூள் இறுக்கி அடைத்திருக்கும். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வடிகட்டி, அதில் ஒரு துளியை மெஷினுக்குக் கொடுத்தால், பம்பு அதை அழுத்திப் பிடித்துத் தூளின் வழியே தள்ளும். கலந்து கிடந்த பொருட்களெல்லாம் அங்கே பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு சிகரம் எழும். மருந்து ஒன்பதாவது நிமிடத்தில் மலைபோல எழுந்து இறங்கும். மருந்து கொஞ்சம் கெட்டுப்போயிருந்தால், கெட்ட பங்கு அந்த மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடாக வந்து நிற்கும்.

புதுக் குழாய் எந்த மேட்டையும் விடாது. துருவித் துருவிக் குற்றம் கண்டுபிடிக்கும். அதனால் மாமியார். பழைய குழாய் தேய்ந்து, அடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அகலமாக, அசமந்தமாகக் காட்டும். சின்ன மேடு மலைக்குள்ளேயே அமுங்கிப்போகும். பெற்ற பிள்ளையிடம் குற்றமே தெரியாது. அதனால் அம்மா.

"மாமியார் ஒத்துக்கலையா? கொஞ்ச நாள் அம்மா வீட்டுல விடு" என்பது அங்கே பழைய வேடிக்கை. சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொள்வார்கள்.

பதிவேட்டின்படி அம்மா செத்து இரண்டு வருடம். வேலையை விட்டுப்போன ஒருவர் 'உடைத்து அகற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உண்மையில் அது ஒரு நீல ரப்பர் கையுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்டு, அண்ணியின் மேஜை இழுப்பறையில் பின்பக்கமாகக் கிடந்தது.

அண்ணியை ஆய்வகம் முழுக்க அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட. பதினான்கு வருடமாக அங்கே இருந்தாலும் அந்தப் பெயர் வந்தது போன வருடம்தான். கணவனின் தங்கை அங்கே வேலைக்குச் சேர்ந்து, முதல் நாளே நாலு பேர் கேட்க "அண்ணி, கோட்டு எங்க மாட்டறது?" என்று கேட்டாள். அத்தோடு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சின்னவளை வேலைக்குக் கொண்டுவந்தது அண்ணிதான். பாசத்தினால் என்று வீட்டில் நினைத்தார்கள். அண்ணி அதை மறுக்கவில்லை. புருஷனை விட்டு வந்த சின்னவள், ஏழு வயது மகளோடு ஒன்றரை வருடமாக இவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள். காலையில் கூடத்தைக் கடக்கும்போது ஒரு குழந்தையின் காலைத் தாண்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் தொந்தரவு. ஆனால் தினமும் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு வேலை கிடைத்தால் தனியாகப் போய்விடுவாள் என்று அண்ணி கணக்குப் போட்டாள்.

கணக்குச் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சின்னவள் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஒரு அறை, ஒரு சமையலறை. "ஜன்னல் இருக்கு அண்ணி, ஜன்னலுக்கு வெளிய ஒரு மரம்கூட இருக்கு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். வேலை நிரந்தரமான கடிதத்தைக் காட்டினால்தான் சாவி என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தணிக்கை முடிந்ததும் கடிதம் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

மேலாளருக்குப் பெயர் ஆச்சா. எதைப் பார்த்தாலும் "ஆச்சா?" என்றுதான் கேட்பார். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்திருந்தபோதும் கதவைத் தட்டி "ஆச்சா?" என்று கேட்டார் என்று ஒரு கதை உலவியது. அவர் காதிலும் விழுந்திருக்கும். மறுத்ததில்லை.

சின்னவள் வேலையில் சுத்தம். காலையில் முதல் ஆளாக வந்து, தன் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து எல்லா மெஷின்களையும் திறந்து வைப்பாள். பிறகு வருகிறவர்கள் யாரும் அதை மூடித் தங்கள் பெயரில் திறப்பதில்லை. அது அங்கே வழக்கம். யார் வந்து எதைத் தட்டினாலும் அன்றைய தினம் முழுக்க மெஷின்கள் அவள் பெயரையே எழுதிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது விதி. எழுதியது தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்தது என்ன என்று பின்னால் வருகிறவன் படிக்க முடிய வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் சின்னவள் ஒரு எண்ணைக் கிறுக்கி மறைத்துவிட்டாள். "மறைச்சா திருட்டு, அடிச்சா தப்பு. தப்பு பண்ணலாம், திருடக் கூடாது" என்று அண்ணி அதட்டினாள். அப்போது இழுப்பறை அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

அந்த மருந்து இதயத்துக்கானது. ஒரு தடவை நெஞ்சுவலி வந்து பிழைத்தவர்கள் ஆயுள் முழுக்க விழுங்குவது. ஒவ்வொரு உற்பத்தியிலும் சில அட்டைகளை எடுத்து, வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த பெரிய அலமாரியில் பூட்டி வைப்பார்கள். கடைகளில், வீடுகளில், கைப்பைகளில் மாத்திரை கிழடாவது போல அங்கேயும் கிழடாகும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். அன்று எடுத்தது பதினெட்டாம் மாதத்து மாத்திரை.

சின்னவள்தான் பொடித்தாள், கரைத்தாள், மூன்றாம் மெஷினில் வைத்தாள். மாமியார் மாட்டியிருந்தது. பதினொரு மணிக்கு அண்ணியின் மேஜைக்கு வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணி, மலைக்கு அடுத்தாப்ல ஒண்ணு நிக்குது."

"எவ்வளவு?"

"பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு. பூஜ்யம் புள்ளி ரெண்டுக்கு மேல போகக் கூடாதே."

"பழைய மாசத்துல இருந்துதா?"

"பன்னெண்டாம் மாசம் பாத்தேன். அதுல மேடே இல்ல. மலைதான் கொஞ்சம் பருத்து இருந்துச்சு. யாரு போட்டதுன்னு தெரியல." அவள் குனிந்தாள். "இது என்ன பொருளுன்னே லிஸ்ட்ல இல்ல அண்ணி. பேர் தெரியாதது. உள்ள போனா என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது."

பன்னிரண்டாம் மாதம் போட்டது யார் என்று அண்ணிக்குத் தெரியும். ஒன்பதாம் மாதமும்.

"நீ சாப்பிடப் போ. நான் பாத்துக்கறேன்."

"இப்பதான் பதினொண்ணு."

"எடை போட வேண்டியது இருக்குல்ல, அதை முடி. முடிச்சிட்டு அப்படியே சாப்பிடப் போ. மூணாம் மெஷின் பக்கம் வராதே, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

ஆச்சா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கு எண் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "மாமியாரா?" என்றார். அண்ணி தலையசைத்தாள். "சாயங்காலத்துக்குள்ள ஆச்சுன்னா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழாயை மாற்றுவது சின்ன வேலை. இரண்டு திருகு, இரண்டு ஸ்பேனர். அண்ணி முதல் ஓட்டத்துக்கு, காலையில் மாமியாரில் போட்ட சோதனைக்கு, எதிரே 'காற்றுக்குமிழி, செல்லாது' என்று கணினியில் அடித்தாள். அம்மாவை மாட்டினாள். அடுப்புபோல இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் கதவைச் சாத்தினாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

இந்தத் தொழிலில் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஒன்பது நிமிடம் ஒன்றும் நடக்காது. கோடு தட்டையாக ஓடும். பம்பு மூச்சு விடும். பதினான்கு வருடத்தில் அந்த ஒன்பது நிமிடங்களில் அண்ணி என்னென்னவோ யோசித்திருக்கிறாள். இந்த மாத்திரையை விழுங்குகிற ஒருவரைக்கூட யோசித்ததில்லை. அன்றும் யோசிக்கவில்லை. ஜன்னலும் மரமும் உள்ள வீட்டைத்தான் யோசித்தாள். கூடம் காலியாக இருப்பதை.

மலை எழுந்தது. அகலமாக, தனியாக. பக்கத்தில் ஒன்றுமில்லை.

சாப்பிட்டு வந்த சின்னவள் திரையைப் பார்த்து நின்றாள். "எங்க போச்சு?"

"குமிழி. காத்து புகுந்திருக்கு. மறுபடி போட்டேன், சரியாயிடுச்சு."

"குமிழி அப்படி அழகா மேடு கட்டி நிக்குமா அண்ணி?"

"அஞ்சு மாசம் ஆச்சுல்ல வந்து, நீயே எனக்குச் சொல்லிக் குடு."

சின்னவள் சிரித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"குழாய் நோட்டுல எழுதிடு. என் கை ஈரமா இருக்கு. மாமியார் நம்பர்தான்."

பெட்டியின் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறந்து பார்க்க ஒரு விநாடி ஆகும். அண்ணி சொன்னதை எதற்குத் திறந்து பார்ப்பது? சின்னவள் தன் முத்து முத்தான கையெழுத்தில் மாமியாரின் எண்ணை எழுதினாள். கையெழுத்தைப் போட்டாள். மாலையில் அண்ணி திரும்பவும் மாமியாரை மாட்டிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவள் மெலிந்த, சத்தமில்லாத பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, வெறும் கண்ணால் படிப்பாள். கண்ணாடிக்காரி என்று பெயர் வைக்க ஆய்வகத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாள் முழுக்க அவள் நோட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. மாலை கிளம்பும் முன்பு, "மூணாம் மெஷினோட பிரஷர் வரைபடம் மட்டும், கடைசி மூணு மாசத்துது, மொத்தமா எடுத்து வைங்க. காலைல பாக்கறேன்" என்றாள்.

யாரும் அதை நினைத்ததே இல்லை. சிகரத்தைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், நோட்டைப் பார்த்தார்கள். பம்பு ஒவ்வொரு விநாடியும் தான் எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்று தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். அடைத்துப்போன அம்மாவைத் தள்ளுவதற்குக் கூடுதல் பலம் வேண்டும்.

ஆச்சா அண்ணியை மாடிப்படி அடியில் நிறுத்தினார். "அந்தச் சாமான் உன் மேஜைல இருக்கக் கூடாது."

"சரி சார்."

"எங்க இருந்தா நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீ கெட்டிக்காரி."

மறுநாள் காலை அண்ணி சின்னவளிடம், "குழந்தைக்குத் தலை பின்னி, நிதானமா வா. நான் போய் மெஷினைத் திறந்து வைக்கறேன்" என்றாள். சின்னவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "ஐயோ, நீங்களா? இன்னைக்கு மழைதான்."

வழியில் ஒரு பெரிய சாக்கடை இருந்தது. அண்ணி அதன் ஓரமாகத்தான் நடந்தாள். ஆய்வகத்துப் பின்புறம் உடைந்த கண்ணாடிக் குப்பை இருந்தது. அம்மாவை எங்கே போட்டாலும் போயிருக்கும். ஆனால் தேடுகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே இருப்பார்கள். பன்னிரண்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று பின்னால் போவார்கள். ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இதை அவள் பதற்றத்தில் யோசிக்கவில்லை. நிதானமாக, ஒரு சோதனையை எந்த வரிசையில் செய்வது என்று யோசிப்பதுபோல யோசித்தாள்.

சின்னவளின் இழுப்பறையில் ஒரு சீப்பும், குழந்தை வரைந்த ஒரு வீட்டின் படமும் இருந்தன. ஜன்னல், பக்கத்தில் மரம். நீலக் கையுறையைப் படத்துக்குப் பின்னால் வைத்து மூடினாள்.

கண்ணாடிக்காரி வரைபடங்களை நீள மேஜையில் பரப்பினாள். அண்ணி, சின்னவள், ஆச்சா மூவரும் எதிரில் நின்றார்கள்.

"இந்தக் குழாய்க்கு பிரஷர் எப்பவும் நூத்து எழுபது. தினமும் அதேதான். இந்த ஒரு நாள், மத்தியானம் மட்டும், இருநூத்து நாப்பது. மறுநாள் காலைல மறுபடி நூத்து எழுபது." அவள் நிமிர்ந்தாள். "மத்தியானம் கிழடாகி, ராத்திரி தூங்கி எழுந்ததும் குமரியாயிடுச்சா?"

ஆச்சா சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"காலைல ஒரு ஓட்டம் குமிழின்னு தள்ளியிருக்கு. குமிழின்னா பிரஷர் ஆடும். இது நூல் புடிச்ச மாதிரி இருக்கு. அந்த ஓட்டத்துல மேடு பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு. மத்தியானம் ஒண்ணுமே இல்ல. யாரோட பேர்ல ஓடியிருக்கு?"

"என் பேர்ல" என்றாள் சின்னவள்.

"நோட்டுல கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"குழாயை மாத்தினது யாரு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது முகத்தில் ஏறுவதை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஈரக் கை, பிறகு சாத்தியிருந்த கதவு, பிறகு இன்று காலை தலை பின்னச் சொன்னது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து, தன் தன் நேரத்துக்கு வந்தது. சின்னவள் மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற பார்வை.

பக்கத்து அறையில் பம்பு மூச்சு விடுவது கேட்டது. அந்த மௌனம் முழுக்கத் தனக்காகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அண்ணிக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சொல் போதும். அவள் அதைத் தேடவே இல்லை என்பதுதான் பின்னால் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அன்னைக்கு நான் மூணாம் மெஷின் பக்கமே போகலையே" என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரி எல்லா இழுப்பறைகளையும் திறக்கச் சொன்னாள்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை எண் போட்ட தாளில் எழுத வேண்டும். ஆய்வகத்தில் எல்லாத் தாளுக்கும் எண் உண்டு. ஒரு தாள் கொடுத்தால் அதே தாள் திரும்பி வர வேண்டும். ஆச்சா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு ஆளோட தப்புன்னு ஆயிட்டா எல்லாருக்கும் நல்லது. போலீஸ் கீலீஸ்னு போகாம நான் பாத்துக்கறேன். உனக்கு வேலை மட்டும்தான் போகும்." அண்ணியைப் பார்த்து, "நீயே பக்கத்துல இருந்து எழுத வை. வீட்டு மனுஷி" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சின்னவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என் பொண்ணோட படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கீங்க" என்றாள் சின்னவள். "படம் கசங்காம."

அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேனோ என்னவோ அண்ணி. கேட்டுக்கூடப் பாக்கல."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லப்போறியா?"

சின்னவள் இதற்குச் சிரித்தாள். "சொல்லிட்டு எங்க போறது? ஜன்னல் வீட்டுக்கா?"

பேனாவை எடுத்தாள். 'நான் அறியாமையினால்' என்று அண்ணி சொல்லச் சொல்ல எழுதினாள். நடுவில் ஒரு இடத்தில் அண்ணி சொல்லாமலே பேனா ஓடியது. ஓடி நின்றது. அண்ணி குனிந்து பார்த்தாள். 'என் அண்ணி சொன்னதன் பேரில்' என்று இருந்தது.

"அதை அடி."

சின்னவள் ஸ்கேலை எடுத்தாள். அளவெடுத்து ஒற்றைக் கோடு இழுத்தாள். பக்கத்தில் சுருக்கொப்பம். தேதி. கோட்டுக்கு அடியில் நாலு சொற்களும் முத்து முத்தாகத் தெரிந்தன.

"நல்லா அடி. தெரியக் கூடாது."

"தெரியணும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"வேற தாள்ல எழுது."

"வேற தாள் இல்ல அண்ணி. இதுக்கு நம்பர் இருக்கு." சின்னவள் மிச்சத்தையும் எழுதி முடித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். எழுந்து தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, முதல் நாள் அண்ணி எங்கே மாட்டச் சொல்லிக் காட்டிக் கொடுத்தாளோ அங்கேயே மாட்டினாள்.

ஆச்சா கடிதத்தைப் படித்தார். அடித்த இடத்தில் அவர் கண் நின்றது. கண்ணாடிக்காரிக்கு நகல் போகும்போது அந்த வரி மங்கலாக விழும்படி தானே நகல் எடுத்தார். அசலைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இது என்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றார். அவ்வளவு அன்பாக அவர் பேசி அண்ணி கேட்டதில்லை.

பழைய மாதங்களை யாரும் தோண்டவில்லை. பதினெட்டாம் மாதத்து மாத்திரையைத் திரும்பவும் சோதித்தார்கள். மேடு அதே இடத்தில் நின்றது. அந்த உற்பத்தியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவு வந்தது. பதினெட்டு மாதத்தில் அட்டைகள் பெரும்பாலும் காலியாகியிருந்தன. மூன்று பெட்டி திரும்பி வந்தது.

கணவன் ஒரு வாரம் தங்கையோடு பேசவில்லை. "உன்னால இவளுக்கு எவ்வளவு அவமானம்" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். சின்னவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். இந்தத் தொழிலில் இனி யாரும் அவளை எடுக்க மாட்டார்கள். வீட்டில் சமைத்தாள், துணி துவைத்தாள். காலையில் அண்ணியின் சாப்பாட்டு டப்பாவை மூடி, மேஜையின் அதே மூலையில் வைத்தாள். அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் மட்டும் டப்பாவை மூடிக்கொண்டே, "அந்த மேடு என்னன்னு யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"உனக்கெதுக்கு அது இப்ப?"

"சும்மாதான்."

கூடத்தில் பாய் விரித்தே இருந்தது. குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. காலைத் தாண்டுவதற்கு இப்போது அகல எட்டு வைக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் மாமியாருக்கும் பார்வை மங்கத் தொடங்கியது. சிகரங்கள் அகலமாயின. புதுக் குழாய் வாங்க வேண்டும் என்று அண்ணி எழுதிக் கொடுத்தாள். வந்தது. பழையதை உடைக்கப் போனபோது ஆச்சா கதவருகே நின்றிருந்தார்.

"இவளை உடைக்காதே. உடைச்சாச்சுன்னு எழுதிடு."

"சார், இது வேண்டாம்."

ஆச்சா சட்டைப் பையிலிருந்து பீரோச் சாவியை எடுத்து, அதைக் காது குடையப்போகிறவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அண்ணி பதிவேட்டைத் திறந்தாள். 'உடைத்து அகற்றப்பட்டது' என்று எழுதினாள். இந்தத் தடவை அவளுடைய கையெழுத்தேதான். ஒரு நீலக் கையுறையை எடுத்துக் குழாயைச் சுருட்டி, இழுப்பறையின் பின்பக்கம் வைத்தாள். மூடும்போது அது அவள் முழங்காலில் இடித்தது.

"ஆச்சா?" என்றார் அவர்.

"ஆச்சு சார்."